சாவு சொல்லப்படாத எம்.எல்.ஏ.

துரைக்கண்ணு எங்கள் தொகுதிக்குப் பதின்மூன்று ஆண்டு எம்.எல்.ஏ.வாக இருந்தார். அதில் முதல் ஏழு ஆண்டு உயிரோடும் மீதி ஆறு ஆண்டு பிணமாகவும் இருந்தார். இதனால் தொகுதிப் பணியில் தொய்வு ஏற்பட்டதாக யாரும் புகார் கொடுக்கவில்லை. நாற்றத்தைப் பற்றி மட்டும் இரண்டு மூன்று மனு போனது. அவற்றின்மேல் ‘ஆவன செய்யப்படும்’ என்று அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

செவிலிமேட்டுக்குத் தெற்கே பாலாற்றுப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம் அவருடையது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு காஞ்சிபுரத்தில் கார் பின்னால் ஓடும் தொழிலுக்குப் போனார். அது என்ன தொழில் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் கார் ஊருக்குள் நுழைந்ததும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி, நேராகத் தறிக்காரர் வீட்டுக்கே கூட்டிப் போகிறேன் என்று சத்தியம் செய்து, கமிஷன் தரும் கடையில் இறக்கிவிடுவது. ஒரே வைகாசியில் மூன்று மணப்பெண்களுக்கு சூரத் பாலியெஸ்டரைப் பட்டு என்று கட்டிவைத்த பெருமை அவருக்கு உண்டு. வாங்குகிறவர்களின் கண் கரையைத்தான் பார்க்கும், நூலைப் பார்க்காது என்ற ஞானம் அப்போது கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு முதலில் கார் பின்னால் ஓடுவோர் சங்கத் தலைவர், பிறகு கவுன்சிலர், பிறகு எம்.எல்.ஏ. என்று ஏறினார். நான்கு கட்சி மாறினார். ஒவ்வொரு முறையும் அவர் மனைவி கிருஷ்ணவேணி பழைய கரைவேட்டிகளை மூட்டை கட்டிப் பரணில் போடுவார். எறிந்துவிட மாட்டார். திரும்பத் தேவைப்படும் என்பது அந்த அம்மாளின் அனுபவம்.

அவருடைய தென்னந்தோப்புக்கு வடக்கே வேலங்காடு காலனி இருக்கிறது, எண்பது வீடு. தெற்கே ஆற்றோரம் காலனியின் சுடுகாடு. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டென்று கிராம வரைபடம் சொல்லும். துரைக்கண்ணுவின் அப்பா ஒரு பஞ்ச வருஷத்தில் அந்தப் பாதையையும் சேர்த்து வேலி போட்டுக்கொண்டார். அதிலிருந்து காலனிப் பிணங்கள் தோப்பைச் சுற்றி, சாயப் பட்டறைத் தண்ணீர் வரும் கால்வாய்க்குள் இறங்கித்தான் போகும். பாடை தூக்கியவர்களின் கால்கள் மூன்று நாளைக்கு அரக்காகவோ கிளிப்பச்சையாகவோ இருக்கும். அந்தப் பருவத்தில் எந்த நிறப் புடவை நன்றாக விற்கிறது என்று தெரிய வேண்டுமானால் வேலங்காட்டில் சாவுக்குப் போய்வந்தவர்களின் முழங்காலைப் பார்த்தால் போதும்.

ரேணுகாம்பாள் அந்தக் காலனியில் வாழ்க்கைப்பட்டவள். ஏனாத்தூரில் கல்லூரி விடுதிச் சமையலறையில் வேலை. அவளுடைய மாமியார் செத்தது ஐப்பசி மழையில். கால்வாயில் ஒருவன் கால் வழுக்கப் பாடை சாய்ந்தது, கிழவி தண்ணீரில் விழுந்தாள். எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். அப்படியே புதைத்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தவள்தான், சுடுகாட்டுப் பாதைக்காக வருஷத்துக்கு இரண்டு மனு எழுதினாள். துரைக்கண்ணு ஒவ்வொரு தேர்தலுக்கும் தோப்பு வாசலில் நின்று, இந்த வேலியை என் கையாலேயே பிரிப்பேன் என்று அழுவார். உண்மையாகவே கண்ணீர் வரும். வாக்கு எண்ணி முடிந்ததும் வேலியில் ஒரு கம்பி கூடியிருக்கும். கடைசியில் வேலிக்கு மின்சாரமும் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனுக்கு அவன் செத்துப்போன சேதியைச் சொல்வது பறைதான். உறவுக்காரனுக்கு போனில் சொல்லிக்கொள்ளலாம், பிணத்துக்கு யார் சொல்வது? ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் காலனியிலிருந்து வந்து அடித்துச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்கிப் போக வேண்டும் என்பது முறை. இந்த முறையைத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் ரேணுகாம்பாளின் புருஷன் முனிரத்தினம் நிறுத்தினான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. கூப்பிட வந்தவரிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: “எங்க சாவுக்கு நாங்க அடிப்போம். உங்க சாவுக்கு நீங்க அடிச்சிக்கோங்க.” பிறகு எலக்ட்ரீசியன் வேலை கற்றுக்கொண்டு போய்விட்டான். ஊர்த் தெருவில் அதற்கப்புறம் செத்தவர்கள் எல்லாம் சாதாரண ஆட்கள். சுற்றிலும் அழுகிறவர்களைப் பார்த்துத் தாங்களே புரிந்துகொண்டு படுத்துக் கிடந்தார்கள். துரைக்கண்ணுவுக்கு அந்தப் புத்தி இல்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் ஒரு திங்கட்கிழமை காலை, மிளகு சுக்கு போட்ட கோயில் இட்லி நான்காவதைத் தின்னும்போது அவர் இறந்தார். டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்தார். கூடத்தில் கிடத்தினார்கள். மகன் மாணிக்கவேல் காலனிக்கு ஆள் அனுப்ப, ஆள் வெறுங்கையோடு திரும்பினான். மணி பத்தாயிற்று. கூட்டம் இருந்தும் மேளம் இல்லை, மைக் இல்லை. அப்படி நான்கு மணி நேரம் சும்மா கிடந்து பழக்கமில்லாத துரைக்கண்ணு எழுந்து உட்கார்ந்து, “இன்னிக்கு இன்னாப்பா நிகழ்ச்சி?” என்று கேட்டார். உதவியாளர் திருஞானசம்பந்தம் டைரியைப் புரட்டி, செவிலிமேட்டில் குடிநீர்த் தொட்டி திறப்பு என்றார். கட்டியிருந்த கால் கட்டைவிரல்களை அவிழ்த்துவிட்டார்கள், போய்த் திறந்துவிட்டு வந்தார். இடைத்தேர்தல் வந்தால் யார் ஜெயிப்பார்களோ என்ற கவலையில் இருந்த மாவட்டச் செயலாளர், நடக்கிறவரை நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். டாக்டரும் சான்றிதழ் எழுதவில்லை. கன்னத்தில் ஒதுங்கிய அரை இட்லி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ஆறு ஆண்டும் அதைச் சுற்றித்தான் அவர் பேசினார்.

முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் என்ன, மூக்கு இல்லையா? அவர் காருக்கு முன்னால் ஈக்கள் போகும். திருஞானசம்பந்தம் ஒரு கையில் சாம்பிராணித் தூபக்காலும் இன்னொரு கையில் பன்னீர்ச் செம்புமாகப் பின்னால் ஓடுவார். மனுக்கொடுக்க வந்தவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள், உள்ளங்கையில் தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதை வேட்டியின் பின்பக்கம் துடைத்துக்கொண்டு, மச்சானுக்கு ட்ரான்ஸ்பர் வேண்டும் என்பார்கள். இதைச் சொல்லும்போதுதான் எனக்குக் குமட்டுகிறது. அவர் அழுகியது இயற்கை. திருவிழாவில் பரிவட்டம் கட்டினார்கள், அவிழ்த்தபோது நெற்றி கொஞ்சம் இடம் மாறியிருந்தது. தெருவில் சாவு விழுந்தால் நடை சாத்துவது வழக்கம், ஆனால் சாவு விழுந்ததாக யாரும் சொல்லவில்லையே என்று விட்டுவிட்டார்கள். வெயில் காலத்தில் பொன்னாடைகளை அவிழ்க்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிக் கட்டினார்கள். அவரை உருக்குலையாமல் பிடித்துவைத்திருந்தது அந்தப் பொன்னாடைகள்தான். எல்லாம் பாலியெஸ்டர். பட்டு நெய்கிற ஊரில் மரியாதைக்குப் பட்டு போர்த்துகிற பைத்தியக்காரன் எவனும் இல்லை.

அவருடைய நல்ல காலம், கொரோனா வந்தது. எல்லோரும் மூக்கை மூடிக்கொண்டார்கள். சட்டசபை வாசலில் நெற்றிக்குத் துப்பாக்கி காட்டிச் சூடு பார்த்தார்கள். இவருக்கு ஏ.சி. காரின் குளிர்தான் காட்டியது. இவ்வளவு ஆரோக்கியமான உறுப்பினரைப் பார்த்ததில்லை என்று உள்ளே அனுப்பினார்கள். அடுத்த தேர்தலில் மறுபடி நின்றார். பிணத்துக்கா ஓட்டு என்று எதிர்க்கட்சி கேட்டது. தின்னாது, குடிக்காது, சொத்துச் சேர்க்காது என்று இவர் கட்சி பதில் சொன்னது. சென்ற முறையைவிட ஏழாயிரம் ஓட்டு அதிகம் விழுந்தது. வேலங்காட்டிலிருந்து வந்த ரேணுகாம்பாளின் மனுவுக்குப் போன ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலிலும் ஒரு எழுத்து மாறவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உயிரோடு இருந்தவனும் செத்தவனும் ஒரே பதிலைச் சொன்னால் எந்த ஆளிடம் போய்ச் சண்டை போடுவது?

இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் ஒரு கல்யாணப் பந்தியில் துரைக்கண்ணுவின் காது பக்கத்து இலைப் பாயசத்தில் விழுந்தது. அது சம்பந்தி வீட்டு இலை. அதோடு மாணிக்கவேலுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. முதலில் டவுனிலிருந்து பேண்டு செட்டைக் கூட்டிவந்து வீட்டு வாசலில் வாசிக்கவைத்தான். அப்பா வெளியே வந்து கைகூப்பி, அரை மணி நேரம் நன்றியுரை ஆற்றினார். வாழ்நாள் முழுக்க அந்த மேளத்தை வரவேற்பாகக் கேட்டவருக்கு அது சாவாக எப்படிக் கேட்கும்? அவருக்காக ஒருநாளும் அடிக்காத பறை வேலங்காட்டில்தான் இருந்தது. அடுத்த வாரம் மாணிக்கவேல் காலனிக்கு நடந்தே போனான். முனிரத்தினம் அப்போது கிட்னி கெட்டு, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொண்டு கட்டிலில் கிடந்தான்.

“முனிரத்தினம் அண்ணே,” என்றான் மாணிக்கவேல். அந்தக் குடும்பத்தில் காலனிக்காரன் ஒருவனை அண்ணன் என்று யாரும் கூப்பிட்டதில்லை. கட்டிலின் கீழே படுத்திருந்த நாய்கூட எழுந்து பார்த்தது.

“சொல்லுப்பா.”

“ஒரே ஒரு வாட்டி வந்து அடிச்சிட்டுப் போயிடுங்க. அடுத்த நாளே வேலியப் பிரிச்சிடறேன். பத்திரம் வோணும்னாலும் எழுதித் தரேன்.”

முனிரத்தினம் சிரித்தான். “அப்போ பாதை எங்களுது இல்ல, கூலியா தரேன்றியா? இருபத்தஞ்சு வருசமா விட்ட வேலைபா அது. கை மறந்துபோச்சி.”

அவன் போனதும் ரேணுகாம்பாள் பிடித்துக்கொண்டாள். “இன்னாய்யா நெனச்சிக்கினு இருக்கற நீ? நாலு அடி அடிச்சா கை தேஞ்சா பூடும்? ஊருக்கே பாதை வரும். நாளைக்கு உன்னையும் அந்தச் சாயத் தண்ணியிலதான் தூக்கிக்கினு போவணும்.”

“என் காலா நனையப் போவுது? தூக்கறவன் காலுதான?”

“உங்கம்மா மாதிரி உழுந்தா?”

“எனக்கு நீலம் எடுப்பா இருக்கும்.”

அவள் கையிலிருந்த தட்டை எறிந்தாள். ஆனாலும் அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. பாதையை வாங்குவதற்காக வாசலுக்கு வெளியே போய் நின்றால், அந்தப் பாதையில் போகிற முதல் பிணம் அவர்கள் மானமாகத்தான் இருக்கும். மாணிக்கவேல் திரும்ப இரண்டு முறை ஆள் அனுப்பினான். இரண்டு முறையும் அவளே வாசலில் நின்று, “ஆவன செய்யப்படும்னு சொல்லு போ,” என்று திருப்பி அனுப்பினாள்.

அடுத்த ஐப்பசியில் முனிரத்தினம் செத்தான். ஆறு நாள் விடாத மழை. கால்வாயில் மார்பளவு தண்ணீர், அதுவும் அன்றைக்கு மயில்கழுத்து நிறம். ரேணுகாம்பாள் அழவில்லை. கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்து, புருஷனைப் பாடையோடு பதினோரு சுற்றுச் சுற்றிக் கட்டவைத்தாள். நழுவக் கூடாது. அவளுடைய கவலை முழுதும் அந்த முடிச்சுகளில் இருந்தது. மதியம் இரண்டரைக்கு எம்.எல்.ஏ. மாலையோடு வந்து இறங்கினார். கல்யாணத்தைத் தவறவிட்டாலும் சாவைத் தவறவிடக் கூடாது என்பது அரசியலில் பாலபாடம், செத்த பிறகும் அவர் அதை மறக்கவில்லை. பின்னால் எட்டுக் காரில் கட்சிக்காரர்கள், எல்லோர் மூக்கிலும் கைக்குட்டை. அவர் மாலையை வைக்கக் குனிந்தபோது ஒரு விரல் மாலையோடு தங்கிவிட்டது. ரேணுகாம்பாள் அதைத் துடைப்பத்தால் ஒதுக்கினாள்.

முனிரத்தினத்தின் மகள் பிரவீனா வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் கலைநிகழ்ச்சிக்கு அடிக்கிறவள், அப்பாவிடம் கற்றது. தோல் விறைத்ததும் எடுத்து மாட்டிக்கொண்டு சாவுக்கு அடிக்கும் அடியை அடித்தாள். முதல் அடிக்கே துரைக்கண்ணு நிமிர்ந்தார். ஒற்றைக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“யாருப்பா செத்தது?”

“முனிரத்தினங்க,” என்றார் திருஞானசம்பந்தம்.

“இல்லபா. என்னைச் சொல்ற மாதிரி இருக்குது.”

பாடை கிளம்பியது. எந்த ஊர்வலத்திலும் முன்னால் போகிற பழக்கம் அவருக்கு, இதிலும் போனார். கால்வாய்ப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. நேராகத் தன் தோப்பு வாசலுக்குப் போய் நின்றார். முதலாளியைக் கண்ட காவல்காரன் மின்சாரத்தை அணைத்துப் பூட்டைத் திறந்தான். அவர் உள்ளே போனார், கட்சிக்காரர்களும் போனார்கள். பாடை தூக்கியவர்கள் கால்வாய்க்கும் வாசலுக்கும் நடுவே நின்று விழித்தார்கள். முப்பது வருஷமாகக் காலனி ஆள் யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை.

“ஏன்டா நின்னுக்கினு இருக்கீங்க?” என்றாள் ரேணுகாம்பாள். “தொறந்துக்கினு இருக்குது, நடங்க.”

அவள் முதலில் நுழைந்தாள். பிரவீனா அடித்துக்கொண்டே பின்னால் வந்தாள். தென்னைகளுக்கு நடுவே முந்நூறு பேர் நடந்தார்கள். யார் காலிலும் சாயம் இல்லை, சேறு மட்டும்தான். சுடுகாட்டில் முனிரத்தினத்துக்கு வெட்டிய குழி தயாராக இருந்தது. முன்னால் போன துரைக்கண்ணு அதன் விளிம்பில் உட்கார்ந்தார், கால்களைத் தொங்கவிட்டார், யாரும் சொல்வதற்கு முன்னால் உள்ளே சறுக்கி நீட்டிப் படுத்துக்கொண்டார். பொன்னாடையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம்.

“அடச்சீ!” என்றாள் ரேணுகாம்பாள். “பாதையத் தின்ன, பத்தாதுன்னு என் புருஷன் குழியையும் தின்னுட்டியா?” ஆத்திரத்தில் ஒரு பிடி ஈர மண்ணை அள்ளி அவர் மேல் எறிந்தாள். அவருக்கு விழுந்த முதல் மண் அதுதான். ஈக்கள் ஒரே சமயத்தில் மேலே கிளம்பி ஆற்றுப் பக்கம் போயின. திருஞானசம்பந்தம் இரண்டு முறை ஐயா, ஐயா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தூபக்காலைக் கீழே வைத்தார்.

“மூடுங்கபா, நாத்தம் தாங்கல,” என்றாள் அவள். மூடினார்கள். பக்கத்தில் ஆறடி தள்ளி மழையிலேயே இன்னொரு குழி வெட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முனிரத்தினம் காத்திருந்து, சுத்தமாக, எந்த நிறமும் படாமல் போய்ச் சேர்ந்தான். அவன் சாவுக்கு அடித்ததை எம்.எல்.ஏ. சாவுக்கு அடித்ததாகச் சொல்லி மாணிக்கவேல் ஆள்வசம் கூலி அனுப்பியபோது பிரவீனா கவரைப் பிரிக்காமலே திருப்பினாள். “எங்கப்பாவுக்குத்தான் அடிச்சேன். குறுக்கால நின்னுக்கினு கேட்டா நான் இன்னா பண்றது?”

அதற்கு மேல்தான் வேலி விஷயம். ஊர்த் தெருக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தங்கள் பிணம் எந்த வழியாகச் சுடுகாட்டுக்குப் போனதோ அந்த வழியை அடைக்கக் கூடாது, அடைத்தால் அதே வீட்டில் மறு சாவு விழும். துரைக்கண்ணு பிணம் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. அவர் தன் தோப்பு வழியாகத் தன் காலாலேயே போனதற்கு முந்நூறு சாட்சி. தோண்டி எடுத்து ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் தொடுவதற்கு ஆள் வரவில்லை, மாணிக்கவேலே இரண்டு கைக்குட்டை கட்டிக்கொண்டு போய்ப் பாதி வழியில் வாந்தி எடுத்துத் திரும்பிவிட்டான். பதினாறாம் நாளுக்குக் கட்சித் தலைமையிலிருந்து வருகிறார்கள், கார் போக வேண்டும் என்றார் மாவட்டச் செயலாளர். முப்பது வருஷமாக நிதி இல்லாத பாதை பதினோரு நாளில் சிமென்டு ரோடாயிற்று. இரண்டு பக்கமும் விளக்கு. காலனி வாசலிலிருந்து ஆறு வரைக்கும் ஒரு வளைவு இல்லை.

பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு கிருஷ்ணவேணி தனியாக அந்த ரோட்டில் நடந்துவந்தார். ஆறு ஆண்டாக ஒரு பிணத்துக்குக் காலைக் காபி கலந்து கொடுத்தவர். ரேணுகாம்பாளைப் பார்த்து நின்றார்.

“உங்கூட்டுக்காரர் எடத்த எடுத்துக்கிச்சிமா அது.”

“வுடுங்கமா. பக்கத்துல தோண்டிக்கினோம்.”

“தொந்தரவு குடுத்தா சொல்லு.”

“கெடக்கட்டும். இப்பத்தான் ஒண்ணும் பேசறதில்லையே.”

அழுவதற்கு வந்த மாதிரி இருவருமே இல்லை. கிருஷ்ணவேணி புடவைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்து ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

இடைத்தேர்தல் வந்தது. மாணிக்கவேல்தான் வேட்பாளர். திறந்த ஜீப்பில் புது ரோட்டில் வந்து இறங்கி, கைகூப்பி, அப்பா விட்ட பணியைத் தொடர்வேன் என்று தொடங்கினான். ரேணுகாம்பாள் ஆரத்தித் தட்டை எடுக்கவில்லை. நேராக முன்னால் வந்து அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து, நாடியில் விரலை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவனும் கையை இழுக்கவில்லை, அவனுக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அரை நிமிஷம் கழித்து அவள் கையை விட்டுவிட்டு, பின்னால் இருந்தவர்களிடம் திரும்பி, “இப்போதிக்கி இருக்குதுபா,” என்றாள். அதற்குப் பிறகுதான் அவனைப் பேச விட்டார்கள். இப்போது எங்கள் தொகுதியில் எந்தக் கட்சி ஆள் ஓட்டுக் கேட்டு வந்தாலும், ஜீப்பிலிருந்து இறங்கியதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் வீட்டுப் பெண்ணிடம் மணிக்கட்டை நீட்டுவார். அவள் பார்த்துச் சொல்லும்வரை மைக்செட்காரர் மைக்கைப் போட மாட்டார்.